ஆறு மார்க்

ஜூன் 3, 2024
சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை இன்று நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரிலேயே நிரப்பினேன். கோவில்பட்டியில் எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்தவள், முதல்முறையாக எனக்காக. பி.காம். சதவீதம் 44.8 என்று போட்டதும் சிவப்பு எழுத்து வந்தது. நாற்பத்தைந்து வேண்டுமாம். புள்ளியை முழுசாக்கி 45 என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். மூவாயிரத்தில் ஆறு மார்க் குறைவு. சீட் கிடைப்பதெல்லாம் அப்புறம், வரிசையில் நிற்கவே விடவில்லை.

கீபோர்டை எடுத்துச் சுவரில் அடித்தேன்.

ஜூன் 4
அந்த ஆறு மார்க் எங்கே போனதென்று எனக்குத் தெரியும். ஐந்தாம் செமஸ்டர், கம்பெனிச் சட்டப் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம். அடி தாங்காமல் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்திருந்த அக்கா காளீஸ்வரியை, அத்தான் பாண்டியராஜன் முடியைப் பிடித்து இழுத்தான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மறித்தேன். கதவை அறைந்து சாத்தினான். என் வலது ஆட்காட்டி விரல் நடுவில். எலும்பு முறிந்தது காதில் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா, "தெரியாம மாட்டிக்கிட்டேன்னு சொல்லுட்டி, அக்கா வாழணும்லா" என்றாள். சொன்னேன். மறுநாள் கட்டுப் போட்ட கையோடு எழுதி 38 வாங்கினேன்.

முட்டாள் நான். மறுமதிப்பீட்டுக்குப் போட்டு அதை நாற்பதாக்கி, பாஸ் பாஸ் என்று தெரு முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்தேன். அரியராகவே விட்டிருந்தால் கை ஆறினபின் எழுதி ஐம்பது வாங்கியிருப்பேன். பாஸானவள் திரும்ப எழுத முடியாது.

ஜூன் 9
அக்காவும் அவனும் வந்தார்கள். "என்ன வக்கீலம்மா, கறுப்புக் கோட்டு எப்பம்?" என்று சிரித்தான். சோறு போட்டேன். கொதிக்கிற குழம்பை அவன் தலையில் கவிழ்த்திருக்கணும். ஏன் கவுக்கல? அக்கா கண்ணாலேயே வேண்டாமென்றாள். அவள் கழுத்தில் புதிதாக விரல் தடங்கள்.

ஜூன் 17
அவன் சாகணும்.

ஜூன் 22
அக்கா அடித்துவிட்டாள். கழுகுமலையில், அவர்கள் வீட்டு அடுப்படியில். பெல்ட்டை உருவிக்கொண்டு வந்தவன் மண்டையில் அம்மிக் குழவி. மண்டை பிளந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். பிழைத்துக்கொள்வானாம். சே.

அக்காவை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். போலீஸ் எல்லாம் முடித்துப் போனபின் அடுப்படியை நான் கழுவினேன். ஏழு வாளித் தண்ணீர். அவ என்ன தப்பு செஞ்சா?

ஜூன் 24
சென்டருக்கு மனு டைப் செய்ய வரும் வக்கீல் ராஜமணி அண்ணாச்சி அக்காவுக்கு ஜாமீன் மனு போடுகிறார். "அவன் முன்ன அடிச்சதுக்கு ரெக்கார்டு ஏதும் இருக்கா?" என்றார். விரலைக் காட்டினேன். "ஆஸ்பத்திரிச் சீட்டுல என்ன எழுதிருக்கு?"

"தெரியாம மாட்டிக்கிட்டதுன்னு."

பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்தப் பொய்யை நான்தானே சொன்னேன்?

மனுவை நானே டைப் செய்தேன். ஒரு வரியும் அவர் திருத்தவில்லை. "நாளைலேருந்து எங்க ஆபீசுக்கு வந்துரு" என்றார். மார்க் கேட்கவில்லை.

ஜூலை 19
அக்காவுக்கு ஜாமீன். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். திருநெல்வேலி ஜெயிலிலிருந்து கூட்டிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில், "காலேஜுல சேந்துட்டியா?" என்றாள்.

"இல்லக்கா. மார்க்கு பத்தல."

"எவ்வளவு?"

"ஆறு."

எந்தப் பரீட்சையில் போனது என்று முதல்முறையாக அவளிடம் சொன்னேன். என் வளைந்த விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் கயத்தாறு தாண்டியது.

"அன்னைக்கே குழவியத் தூக்கிருக்கணும்ட்டி" என்றாள்.

ஆமாம் என்றேன்.