ஜோசையா குழாயை அடைத்த ஞாயிறு

ஆல்டர்ஷா, யார்க்‌ஷயர்
மார்ச் 1961

அன்பு மருமகள் ஹேசலுக்கு,

மாமா கிளிஃபர்ட் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நலம். கனடாவில் பனி குறைந்ததா? இங்கே நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். அந்த நார்மன் 'கறுப்புக் கடா' பப்புக்குள் கால் வைத்த அன்றே, "இந்த ஆளால இங்க ஒரு வினை இருக்கு" என்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

நார்மன் லண்டன் பக்கத்து ஆள், ஓய்வு பெற்ற வங்கிக்காரர். வந்த புதிதிலேயே நம் பேயின் மேல் கை வைத்துவிட்டார். கறுப்புக் கடாவின் பேய் என்றால் ஜோசையாதான். நம் பாட்டனாரின் பாட்டனார் அஸ்திவாரம் போட்ட கட்டடம் அது. ஒரு ராஜாவே குதிரைக்குத் தண்ணீர் காட்டிய இடம். நிலவறையில் பீப்பாய் உருண்டு செத்த ஜோசையா, கோபம் வந்தால் பீப்பாயின் குழாயை அடைப்பான். மேலே பீர் பம்பு வெறும் நுரையைத் துப்பும். இருபது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லும் உரிமை எனக்கே. நார்மனோ, மாடி ஜன்னலில் சிப்பாய்க் காதலனுக்காக ஒரு பெண் பேய் அழுகிறது என்று கிளப்பிவிட்டார். பப்பை நடத்தும் முரியல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரி வண்டிக்காரன் சேத் இருக்கிறானே, "கிளிஃபர்டு, உன் பேய்க்கு வயசாயிடுச்சுப்பா. பென்ஷன் குடுத்து அனுப்பிடு" என்றான்.

அதைக்கூடப் பொறுத்தேன். முரியல் எல்லாரையும் "கண்ணு" என்பாள். அந்த ஆளை மட்டும் "நார்மன்" என்றாள். வயிறு எரிந்துவிட்டது.

நாலு வருஷமாக அவளிடம் ஒன்று கேட்க நினைத்து வைத்திருந்தேன். என்னவென்று உனக்குத் தெரியும். இடம்தான் வாய்க்கவில்லை. போன ஞாயிறு மதியம் ஒரு யோசனை செய்தேன். இப்படி ஒரு யோசனை வேறு எவனுக்கும் வராது. ஜோசையா குழாயை அடைத்தால் முரியல் தனியாக நிலவறைக்குள் இறங்கக் கூடாது. மேசைக்குக் கடைசியாக பீர் வாங்கிக் கொடுத்தவன் விளக்குப் பிடித்துக்கொண்டு துணைக்குப் போக வேண்டும் என்பது நம் வழக்கம். ஆளுக்கொரு முறை மேசைக்கே வாங்குவோம்; அடுத்த முறை என்னுடையது. வாங்கி வைத்துவிட்டுக் குழாயை அடைத்திருக்க வேண்டும். நான் முதலில் அடைக்கப் போனேன். முற்றத்துக் கழிப்பறைக்கு என்று சொல்லிவிட்டு, பீப்பாய் இறக்கும் கதவு வழியாக இறங்கினேன். மூன்று ஆள் தூக்கும் கதவு, ஒற்றைக் கையால் தூக்கினேன்.

திரும்பி வந்தால் மேசையில் எல்லாத் தம்ளரும் நிறைந்திருக்கின்றன. நான் கதவோடு மல்லுக்கட்டிய நேரத்தில் நார்மன் வாங்கிவிட்டிருக்கிறார். "உங்க முறையை நானே வாங்கிட்டேன் கிளிஃபர்ட். எவ்வளவு நேரம்தான் காத்திருக்கிறது?" என்கிறார். அடுத்தவன் முறையை வாங்குவது, அவனைப் பிச்சைக்காரன் என்பதற்குச் சமம் என்று அவருக்கு யார் சொல்வது? அந்நேரம் பார்த்துப் பம்பு இருமியது. "ஜோசையா வந்துட்டான்டா! நார்மன், விளக்கை எடுய்யா!" என்று கத்தினான் சேத்.

இருவரும் இறங்கினார்கள். குழாயைத் திறக்க ஒரு தும்மல் நேரம் போதும். ஊரில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வைத்த இறைச்சி வறுவல் எல்லாம் ஆறிப்போகும் வரை அவர்கள் வரவில்லை. கீழே சிரிப்புச் சத்தம் வேறு. மேலே வந்தபோது அவர் தோளில் ஒட்டடை. அதை அவள் தன் கையாலேயே தட்டிவிட்டாள்.

"என்னம்மா, ஜோசையா என்ன சொன்னான்?" என்றான் சேத்.

"அவன் எங்க சொன்னான்? இவருதான் என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு. ஈஸ்டர் வரைக்கும் யோசிக்கணும்னுட்டேன்" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

உன் மேல் அவளுக்குப் பிரியம் அதிகம். மாமாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிப் போடேன், தாயே. நல்ல மனுஷன், தனிக்கட்டை, கூரை ஒழுகாத வீடு என்று.

வேண்டாம். எழுதாதே. ஈஸ்டர் விஷயம் என் கைச்சரக்கு. கீழேயே சரி என்று சொல்லிவிட்டுத்தான் மேலே வந்தாள். அட்டை வாங்கி வாழ்த்து அனுப்பு. இருவர் பேரையும் சேர்த்தே எழுது. என் கையால் எழுத வரவில்லை. நீ எழுதும்போது கீழே "மாமாவும்" என்று ஒரு சொல் போட்டுவிடு.

நீ நன்றாக இரு.

மாமா கிளிஃபர்ட்