இருபத்திரண்டு நிமிடக் குளியல்

மார்ச் 4, செவ்வாய்

இன்னும் இருபத்தொன்பது நாள். ஏப்ரல் இரண்டு வந்தால், கடைசியாக வலிப்பு வந்து ஒரு வருடம் முடிகிறது. வருடம் முழுக்க வராமலிருந்தால் வேலைக்குத் திரும்பலாம் என்றார் டாக்டர். அதுவரை தனியாக வெளியே கால் வைக்கக் கூடாது என்றது அவரில்லை, என் வீட்டுக்காரர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். தெருவில் விழுந்து கிடப்பவர்களைத் தினமும் அள்ளிக்கொண்டு வருகிறவரிடம் என்ன பேசி ஜெயிப்பது?

அவர் டியூட்டிக்குப் போனால் அவருடைய அக்கா காவல். தங்கமான மனுஷிதான். ஆனால் நான் தும்மினால்கூட அடுத்த அறையில் கால் சத்தம் கேட்கும். மனசுக்குள் அவருக்கு நான் வைத்த பெயர் காமிரா. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று. குளிக்கும்போது நான் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால், பத்து வரை எண்ணிவிட்டு உள்ளே வந்துவிடுவார். நாற்பத்து மூன்று வயதில், தலையில் ஷாம்பு நுரையோடு, பாட்டே வராத தொண்டையை வைத்துக்கொண்டு... இதெல்லாம் ஒரு பிழைப்பா?

மார்ச் 6, வியாழன்

பரணில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஸ்டூல் போட்டேன். ஒரு கால்தான் வைத்தேன், காமிரா வந்துவிட்டார். ஸ்டூல் இப்போது அவர் அறையில்.

ஜன்னலில் நின்றால் எதிர்வீட்டுச் சுவர். அதில் ஒரு விரிசல், விரிசலில் ஒரு பல்லி. இன்றைய வெளியூர்ப் பயணம் முடிந்தது.

மார்ச் 7, வெள்ளி

குளியலறைக்கு இன்னொரு கதவு இருக்கிறது! மோட்டார் வைத்திருக்கும் சந்துப் பக்கம். துருப்பிடித்துக் கிடக்கிறது என்று எல்லோரும் மறந்துவிட்டார்கள். இன்று குளிக்கும்போது கீலுக்கு எண்ணெய் விட்டேன். பாடிக்கொண்டேதான்.

நான் பாடுவதைப் போனில் பதிவு செய்தும் வைத்துக்கொண்டேன். குழாய்த் தண்ணீர் சத்தத்தோடு, இருபத்திரண்டு நிமிடம். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்திருக்கிறேன். திருட்டுப்புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ.

மார்ச் 11, செவ்வாய்

போய்விட்டு வந்துவிட்டேன். குளியலறையில் போன் பாடிக்கொண்டிருக்க, சந்துக் கதவு வழியாக நான் தெருவில்!

பதினாறு வருடம் தபால் நிலையத்தில் தெருவாரியாகக் கடிதம் பிரித்து அடுக்கினேன். இந்த ஊர்த் தெருக்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் பாதித் தெருவைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் தினம் ஒரு தெரு என்று முடிவு செய்திருக்கிறேன். இன்று மூன்றாம் குறுக்குத் தெரு. அங்கே பதினாலாம் நம்பருக்கு வரும் கடிதமெல்லாம் ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வரும். நானே எத்தனை முறை கட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்! போய்ப் பார்த்தால், ஒரு பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அவரைச் சுற்றி மூன்று நாய், ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி சைஸ். ஆள் இல்லையாம்! தபால்காரருக்குத் தைரியம் இல்லை என்று எழுதியிருக்கலாம்.

திரும்பி வந்து தலையை நனைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக வெளியே வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

பதிவு செய்யும்போது நடுவில் இருமியிருக்கிறேன் போல. தினமும் அதே இடத்தில் இருமுகிறேனாம். காமிரா இருமல் மருந்து வாங்கி வைத்திருக்கிறார். இல்லாத இருமலுக்கு இரண்டு மூடி குடித்தேன். பாவம் அவர். எனக்கு வெட்கமாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று பார்த்த தெருவில் எல்லா வீட்டுக் கதவும் மஞ்சள்.

மார்ச் 18, செவ்வாய்

வந்துவிட்டது.

ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில். வாயில் இரும்பு ருசி தட்டியது. ஐயோ, இங்கேயா என்று நினைத்ததுதான் ஞாபகம். கண் திறந்தபோது தலைக்கடியில் ஒரு காகிதக் கட்டு. ஒருக்களித்துப் படுத்திருந்தேன். பக்கத்தில் கடைக்காரப் பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒன்றரை நிமிஷம்தான், மணி பாத்தேன். எந்திரிக்க அவசரப்படாதீங்க. என் தம்பிக்கும் இப்படித்தான்.”

ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டாள். எந்த வண்டி வரும், யார் ஓட்டிக்கொண்டு வருவார் என்று எனக்குத்தானே தெரியும். வேண்டாம் என்றேன். கழன்று போன செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்துவிட்டு, காத்திருந்தவருக்கு நகல் எடுக்கப் போய்விட்டாள். கூட்டம் கூட்டவில்லை, உச்சுக் கொட்டவில்லை.

மெதுவாக நடந்து வந்தேன். குளியலறையில் நான் இரண்டாவது சுற்று பாடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, புதன்

யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் பதினாலே நாள். சொன்னால் மறுபடி பூஜ்யம். வேலையும் போச்சு, தெருவும் போச்சு, சந்துக் கதவுக்கும் பூட்டு வந்துவிடும்.

சொல்லாமலே இருந்துட்டா என்ன? யாருக்கு நஷ்டம்? மாத்திரை பத்தலன்னுதானே அர்த்தம்... அது டாக்டருக்குத் தெரியணும்ல? தெரிஞ்சா என்னைப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்களே!

மார்ச் 20, வியாழன்

சாப்பிடும்போது, வலிப்பில் கடிபட்ட நாக்கில் காரம் பட்டு முகம் சுளித்துவிட்டேன். வீட்டுக்காரர் என்ன என்றார். காப்பியைச் சூடாகக் குடித்துவிட்டேன் என்றேன். நம்பிவிட்டார். எழுந்து போய் ஐஸ் கட்டி எடுத்து வந்து கையில் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன். கதவு, பாட்டு, தெருக்கள், ஜெராக்ஸ் கடை, எல்லாம்.

வீட்டுக்காரர் கத்தினார். இத்தனை வருடத்தில் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. லாரி வந்திருந்தால், மண்டை உடைந்திருந்தால் என்று அடுக்கிக்கொண்டே போனார். காமிரா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“அப்ப நான் தினம் கதவுகிட்ட நின்னு போனுக்காம்மா காது குடுத்துட்டு இருந்தேன்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிடுங்க அண்ணி என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து, யார் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டது என்று கேட்டார் இவர். யாரும் தூக்கவில்லை, நானே எழுந்து நடந்து வந்தேன் என்றேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“விழுந்து எந்திரிக்க முடியாதவங்களுக்குத்தான் எனக்கு போன் வரும். எந்திரிச்சு வீட்டுக்கு நடந்து போனவங்களை நான் பாத்ததே இல்லம்மா.”

மார்ச் 24, திங்கள்

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். வேலைக்கு இன்னும் ஒரு வருடம். தெரிந்ததுதான், இருந்தாலும் பேருந்தில் வரும் வழியெல்லாம் அழுதேன். இவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தெருவில் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டது நானில்லை, இவர். பையில் விலாசமும் நோய் விவரமும் எழுதிய அட்டை இருந்தால் நடக்கட்டுமே என்றார் டாக்டர். அட்டையை இவரே எழுதினார். கையெழுத்து மகா கோணல்.

மார்ச் 27, வியாழன்

காலை பத்தரை மணி. இவர் டியூட்டிக்குப் போய்விட்டார். பையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஐந்து நாளாக என்னோடு பேச்சு வார்த்தை இல்லை.

“அண்ணி, போயிட்டு வரேன்.”

இதைச் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. எங்கே என்று கேட்டார். தெரியவில்லை, போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். கத்தியைக் கீழே வைத்தார். தடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

“இரு, செருப்பை மாட்டிக்கிட்டு வரேன். நீ முன்னால நட. நான் பத்தடி தள்ளியே வரேன், உன்னைக் கூப்பிட மாட்டேன்.”

செருப்பில் கால் நுழைத்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்.

“தெருமுனை வரைக்கும்தான் வருவேன்.”