முகம் கொடுக்காத இரண்டு நிமிடம்

ரூதெங், ஞாயிறு பூசைக்குப் பிறகு

அன்பு மகன் வெந்தெலினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் மருமகள் மென்சியும் பேத்தி குட்டி மெல்தியும் சுகம், கடல் தாண்டிச் சண்டகான் தோட்டத்தில் உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும். மழை விட்டுவிட்டது, காப்பி முற்றத்தில் காய்கிறது, இந்த வருடம் பரவாயில்லை. என்னடா கடிதம் என்று பயந்துவிடாதே, போனில் பேசினால் வீட்டில் எல்லார் காதிலும் விழும், இது உனக்கு மட்டும்.

பிள்ளை பிறந்ததிலிருந்து மென்சி போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று வருத்தப்பட்டாயே, இங்கேயும் அப்படித்தான் இருந்தாள். பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், குறை சொல்ல முடியாது, ஆனால் பிள்ளை முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு கிடையாது. போன மாதம் பாண்டுங்கிலிருந்து லாரஸ் என்று ஒரு டாக்டரம்மா வந்தார், மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை, ஒவ்வொரு நாட்டிலும் கைக்குழந்தைகள் பெற்றவளோடு எப்படிப் பழகுகின்றன என்று பார்த்து ஒப்பிடுகிறவர். கோயில் பங்குக் கூடத்தில் காமிரா வைத்து, கைக்குழந்தை உள்ள தாய்மாரை வரச் சொன்னார், நாங்களும் மென்சியைக் கூட்டிப் போனோம். தாய் முதலில் பிள்ளையோடு விளையாட வேண்டும், அப்புறம் இரண்டு நிமிடம் சிரிக்காமல் பேசாமல் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு அதையே பார்க்க வேண்டும், பிறகு மறுபடி கொஞ்சலாம். அம்மா என் காதில், "இவளுக்கு அதைச் சொல்லிக் குடுக்கவும் வேணுமாக்கும்" என்றாள், நான் முறைத்தேன்.

எங்களுக்கு முன்னால் போன பிள்ளைகள் எல்லாம் தாய் முகம் மாறியதுமே வீறிட்டு அழுதன, வெளியே காத்திருந்த மென்சியும் கேட்டாள். எங்கள் முறை வந்தது, நாங்கள் ஜன்னல் வழியே பார்த்தோம். மெல்தி ஒரு தடவை சிரித்துப் பார்த்தாள், கையை நீட்டினாள், அவ்வளவுதான், தலையைத் திருப்பிக்கொண்டு துணியைச் சப்ப ஆரம்பித்துவிட்டாள், அழவே இல்லை. மென்சி சட்டென்று எழுந்தாள். "இவ ஏன் அழல? எல்லாப் பிள்ளையும் அழுதுச்சே, இவ மட்டும் ஏன் அழல?" என்று கேட்டுக்கொண்டே பிள்ளையை வாரி அணைத்து அவளே அழுதுவிட்டாள்.

டாக்டரம்மா காமிராவை அணைத்துவிட்டுத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் தப்பு இல்லம்மா, பிள்ளை பெத்தவங்க நிறையப் பேருக்கு வர்ற நோவுதான், நான் போன எல்லா ஊர்லயும் பார்த்திருக்கேன், சரியாகும்" என்று சொல்லி, சுகாதார நிலையத்துக்கு அவரே கூட வந்தார். அம்மா அன்றைக்கு அவளுக்குக் கோழி அடித்துக் கஞ்சி வைத்தாள். இப்போது வாரா வாரம் அவள்தான் மென்சியைக் கூட்டிப் போகிறாள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், சில நாள் மென்சி இன்னும் படுத்தே கிடக்கிறாள். ஆனால் நேற்று அவள் குழாயடிக்குப் போன நேரம் மெல்தி தெருவே கேட்க வீறிட்டாள், அம்மா எடுத்தும் அடங்கவில்லை. மென்சி குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, "வந்துட்டேன்டி, எங்கடி போயிடுவேன்" என்று சிரித்தாள்.

ஏன் பேசமாட்டேங்குற என்று அவளைக் கேட்காதே, பிள்ளை இன்றைக்கு என்ன செய்தாள் என்று கேள், அவள் யோசித்துச் சொல்லும்வரை பொறுமையாக இரு. எண்ணெய்ப்பனைக் குலை வெட்டும்போது பூட்ஸ் போடாமல் தோட்டத்தில் இறங்காதே. மாதா உன்னைக் காக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் என்றும் உன்னோடு. புதன்கிழமை மத்தியானம் மறக்காமல் போன் செய், அம்மாவை நான் காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விடுவேன், வீட்டில் மென்சி மட்டும் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெர்னாதுஸ் ஜெஹாதுத்