‘ஓட்டு வீடு’ இரண்டாம் சுற்று

ஆடி 5, செவ்வாய்

காலையிலிருந்து பேய்க்காற்று. மணியார்டர் பாரம் இரண்டு பறந்து எதிர்வீட்டு மாட்டுத் தொட்டியில் விழுந்தது. எடுத்துக் காயவைத்தேன்.

வாங்க: அரக்கு, பசை, மண்ணெண்ணெய், மல்லிகாவுக்குத் தலைவலித் தைலம்.

இன்று ஏழரைக்கு டி.வி.யில் ‘ஓட்டு வீடு’ தொடர் மறுபடி ஆரம்பம். இரண்டு வருஷம் கழித்து. போன தடவை பதின்மூன்று வாரமும் நம் ஊரிலேயே படம் பிடித்தார்கள். மில்லில் மூட்டை தூக்கும் தணிகாசலம் சைக்கிளோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். அவனைக் கூப்பிட்டுத் தபால்காரன் பையை மாட்டிவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு வசனம். அவ்வளவுதான், தாலுகா பூராவும் மாலை. நாங்களும் மன்றம் ஆரம்பித்தோம்: ‘தபால்காரர் தணிகாசலம் ரசிகர் மன்றம்’. தலைவர் கவுஸ் பாய், உத்திரமேரூரில் ஜவுளிக்கடை. செயலாளர் அடியேன், இந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். மன்றத்து ரப்பர் முத்திரை என் இழுப்பறையில்.

(இனி அவன் த. முழுப் பெயர் எழுத மை தண்டம்.)

எட்டரை மணி. பார்த்தாயிற்று. தூ.

— ஓடு இல்லை. அட்டையில் வரைந்த ஓடு. கதவைச் சாத்தினால் கூரை ஆடுகிறது.
— பெரியம்மா வேஷத்துக்குப் புது ஆள். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வறட்டி தட்டுகிறாள்.
— மாடு இல்லை. மாடு கத்தும் சத்தம் மட்டும்.
— த.வுக்குப் பதவி உயர்வு. இப்போது போஸ்ட் மாஸ்டராம். ஒன்றரைப் பக்க வசனம்.

பஞ்சாயத்து டி.வி. ரூம் சாவி ஏகாம்பரத்திடம். பாதியில் எழுந்து, "இன்னாய்யா இது, ஒரே பேஜாரா கீது. நிறுத்திடட்டுமா?" என்றான். ஒருத்தரும் நிறுத்தச் சொல்லவில்லை. கேவலத்தைப் பார்ப்பதில் ஒரு ருசி.

த. மூக்கை உறிஞ்சுகிறான். கட்டை விரலை நக்கி நக்கிக் கடிதம் புரட்டுகிறான். கண்ணாடிக்கு மேலே முறைக்கிறான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. இதில் என்ன அவ்வளவு சிரிப்பு என்று விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னாங்க, அது நீங்கதானே? அப்டியே கீது!"

சாப்பிடவில்லை.

ஆடி 6, புதன்

காற்று நிற்கவில்லை. ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் என் கட்டை விரலையே பார்த்தார்கள். விரல் நனைக்கும் பஞ்சு டப்பாவைத் தேடி எடுத்துத் தண்ணீர் ஊற்றிவைத்தேன்.

கவுஸ் பாய் வந்தார். விமர்சனம் ஒன்றரை மணி நேரம், நடுவில் இரண்டு டீ.

"நம்ம தணிகா நடிக்கல மாஸ்டரே, வாந்தி எடுக்குறான்."

"மில்லுல மூட்ட தூக்குனப்போகூட இவ்ளோ முக்கல பாய்," என்றேன்.

பாய்க்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். இந்த மாதிரி நாலு வார்த்தை வாயில் வரும் நாள் நல்ல நாள்.

ஆடி 8, வெள்ளி

மாரியம்மன் கோயிலில் கூழ். ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது. மல்லிகா ஊரிலிருந்து ஒரு கடிதம்: மச்சினனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும்.

த. மெட்ராஸிலிருந்து வந்திருந்தான். புதுச் சட்டை, கையில் கடிகாரம். மில் வேலையை விட்டுவிட்டானாம். எனக்குத் திக்கென்றது. சந்தோஷமாகவும் இருந்தது, எழுதுவதற்கென்ன.

"எப்டி கீது வரதா?" என்று என்னைக் கேட்டான்.

"பிரமாதம்டா."

"நீ ஒண்ணும் கவனிக்கலியா?"

"எத?"

"ஒண்ணுமில்ல போ," என்று இளித்தான். கிண்டல் பண்ணிவிட்டு, கவனித்தாயா என்று கேள்வி வேறு. கூழ் நன்றாக இருந்தது, இரண்டு சொம்பு.

ஆடி 12, செவ்வாய்

பகலில் தூறல். டி.வி. ரூமில் ஒழுகல், ஏகாம்பரம் டி.வி. மேல் கோணி போட்டான். "கோணிய அப்டியே முன்னால தொங்க வுட்டா நல்லாருக்கும்" என்றது நான்தான். நல்ல கைத்தட்டல்.

இரண்டாம் வாரம், முதல் வாரத்தைவிட மட்டம். த. ஒரு விதவைக்கு மணியார்டர் கொடுக்கிறான், அழுகிறான், மூக்கை உறிஞ்சுகிறான். மறுபடியும் அந்த மூக்கு! எங்கள் தெருப் பெண்கள் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "மாஸ்டருக்கு ஜல்பு புடிச்சிக்கினாமாதிரியே பண்றான் பாரு" என்றாள். காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

பாயிடம் சொல்லிவிட்டேன், இதற்கு முடிவு கட்டவேண்டும். பாயும், "கட்டிடு மாஸ்டரே, ‘ஓட்டு வீடு’ மானம் போவுது" என்றார்.

ஆடி 13, புதன்

வெயில். மல்லிகாவுக்குத் தலைவலி.

புதன்கிழமை வழக்கப்படி மன்றத்தின் பாராட்டுக் கார்டுகள் நாலு, நாலு பேர் பெயரில், டி.வி.காரர்களுக்கு. எல்லாம் என் கைதான். ‘தணிகாசலத்தின் நடிப்பு சூப்பர்’ வகையறா. எழுதும்போதே கொட்டாவி.

ஐந்தாவது கார்டு மட்டும் மனசார எழுதினேன். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஞாபகத்துக்கு இங்கே:

‘ஐயா, நல்ல வீட்டை இடித்துவிட்டு அட்டையில் கட்டியிருக்கிறீர்கள். போகட்டும். போஸ்ட் மாஸ்டராக வரும் அந்தத் தடியனை எந்தச் சந்தையில் பிடித்தீர்கள்? பை சுமக்க லாயக்கானவனை நாற்காலியில் உட்காரவைத்தால் நாற்காலிக்குத்தான் அவமானம். எழுதப் படிக்கத் தெரியாதவன் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. அவனை எடுத்துவிட்டு மாட்டையாவது திரும்பக் கொண்டுவரவும்.’

தலைகீழாகப் பிடித்தது நிஜம். படிக்கத் தெரியாது, பாவம். போன தடவை வசனத்தை நான்தான் படித்துப் படித்துக் காட்டுவேன். இப்போது மெட்ராஸில் படித்துக்காட்ட ஆள் இருக்கிறதாம்.

ஐந்து கார்டையும் அடுக்கி பாய் கையில் கொடுத்தேன், உத்திரமேரூர் பெட்டியில் போட. நம் ஊர் முத்திரை விழக்கூடாது. எப்படி என் மூளை!

ஆடி 19, செவ்வாய்

மழை இல்லை. மூன்றாம் வாரம். மல்லிகா சொல்கிறாள், "போகப் போக நல்லாத்தான் கீது." பேசவில்லை அவளோடு.

ஆடி 31, ஞாயிறு

எழுத்து கோணல்.

டி.வி.யில் நேயர் கடிதம் படிக்கும் நேரம். ரூம் நிறைந்திருந்தது. த. முதல் வரிசையில், பக்கத்தில் பொண்டாட்டி, தலை நிறையப் பூ. தன்னைப் பற்றிக் கடிதம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போல.

கடிதம் படிக்கும் அம்மாள் என் கார்டை எடுத்தாள். சந்தை, தடியன், நாற்காலி, மாடு, ஒன்று விடாமல் படித்தாள். என் வாக்கியங்கள் டி.வி.யில்! எழுதுவதற்கு வெட்கமில்லை, முதலில் நெஞ்சு பூரித்துவிட்டது. ரூமில் சிரிப்பு. த.வும் சிரித்தான், அசட்டுச் சிரிப்பு.

பிறகு அந்த அம்மாள், "வேடிக்கை என்னவென்றால், இதை எழுதியிருப்பது தபால்காரர் தணிகாசலம் ரசிகர் மன்றமே! கீழே முத்திரை இருக்கிறது" என்றாள்.

ஏகாம்பரம் கத்தினான்: "யோவ், அது நம்ம மன்றமாச்சே!"

த.வின் பொண்டாட்டி எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அவன் எழுந்திருக்கவில்லை. கடைசி வரை பார்த்தான்.

நடந்தது இதுதான். ஐந்து கார்டு, ஐந்து குத்து. பதினாலு வருஷமாக முத்திரை குத்தும் கை. கார்டு என்று ஒன்று முன்னால் கிடந்தால் குத்தும், என்னைக் கேட்காது.

ஆவணி 1, திங்கள்

புழுக்கம். கவுஸ் பாய் வரவில்லை. உடம்பு சரியில்லையாம். பயந்தாங்கொள்ளி.

பத்து மணிக்கு த. வந்தான். சண்டைக்கு என்று நினைத்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"சீலு உங்கிட்டதானே கீது வரதா?"

"இழுப்பறைக்குப் பூட்டு இல்லடா. எவனோ எடுத்துக் குத்திகீறான்."

"நான் உன்னத்தான் பாத்துப் பண்ணிக்கினு இருந்தன். ஒனக்கே தெரியும்னு நெனச்சன். போஸ்டு மாஸ்டர்னு சொன்னதும் வேற யாரு நெனப்புல வருவா? எங்க ஊர்ல ஒருத்தன் கீறான், எல்லாருக்கும் கடுதாசி படிச்சிச் சொல்லுவான், அழுது மூக்க உறிஞ்சிக்கினு படிப்பான்னு அவங்களாண்ட சொன்னன். அப்டியே பண்ணுன்னாங்க."

அழுவேனா நான்? அழுதிருக்கிறேன் போல. ஒரு நிமிஷம் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் கோபம். யார் இவனைக் கேட்டது? என்னை நாடு பார்க்க வைக்க இவன் யார்?

"மெட்ராஸ்லேந்து கார்டு வரும். வந்தா ஒடனே சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆவணி 4, வியாழன்

வந்துவிட்டது. கார்டுதானே, மூன்று தரம் படித்துவிட்டுத்தான் ஆள் அனுப்பினேன். ஓடிவந்தான். படித்துக் காட்டினேன். எதையும் விடவில்லை.

நேயர்கள் அபிப்பிராயத்தை ஏற்று, போஸ்ட் மாஸ்டர் வேஷத்துக்கு வேறு நடிகர். பழைய தபால்காரர் வேஷம் கொடுக்கலாம் என்று யோசனை. சம்மதமா என்று மறுதபாலில் தெரிவிக்கவும். அடுத்த திங்களுக்குள் பதில் இல்லையென்றால் அதற்கும் வேறு ஆள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"தபால்காரன் போதும் வரதா. அதுதான் எனக்கு வரும். மில்லுல திரும்பச் சேத்துக்க மாட்டன்னுட்டாங்க. எழுது, எழுது." சொல்லச் சொல்ல எழுதினேன்: சம்மதம், எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன், எங்கள் ஊர்க்காரர்கள் எழுதியது சரிதான், அவர்கள் மேல் கோபம் வேண்டாம். இடது பெருவிரலில் மை தடவி வைத்தான். என் மேஜைத் துணியில் துடைத்துக்கொண்டு போனான்.

பிறகுதான் பார்த்தேன். அந்த ஐந்தாவது கார்டின் அதே கையெழுத்து. என் ‘ழ’வின் வால் எந்தக் கண்ணுக்கும் தெரியும். அங்கே இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. அவனிடமே சொல்லிச் சிரிப்பார்கள். மல்லிகாவை எழுதச் சொல்லலாம், ஏன் என்பாள். இடது கையால் எழுதிப் பார்த்தேன், அதிலும் அந்த வால்.

மூன்று மணி பஸ்ஸுக்குப் பை கட்டினேன். அரக்கு வைத்தேன். கார்டு என் சட்டைப்பையில். பதினாலு வருஷத்தில் ஒரு கடிதம் நான் நிறுத்தியதில்லை. நாளைப் பையில் போட்டாலும் திங்களுக்குள் போய்விடும்.

ஆவணி 5, வெள்ளி

போடவில்லை. பயம் கையெழுத்துக்கு மட்டும்தானா என்று கேட்டுக்கொண்டேன். பதில் எழுத விருப்பமில்லை.

"போட்டுட்டியா?" என்று காலையிலேயே வந்து கேட்டான்.

"நேத்தே போட்டாச்சு."

"நீ கீறதால எனக்குக் கவல இல்ல."

ஆவணி 9, செவ்வாய்

வெயில். ஸ்டாம்பு கையிருப்பு குறைவு, எழுதிப் போடவேண்டும். கார்டு இன்னும் சட்டைப்பையில். திங்கள் போய்விட்டது.

காலையிலிருந்து த. ஆபீஸ் வாசலில் சைக்கிளில் பழகிக்கொண்டிருக்கிறான். வருகிறான், ஒரு காலை ஊன்றி இறங்குகிறான், பையில் கை விடுவதுபோல் விடுகிறான், முகம் பார்த்துக் கொடுக்கிறான். மறுபடி ஏறிப் போய்த் திரும்பி வருகிறான். ஜன்னல் வழியே பத்துத் தரம் பார்த்தேன், ஏதாவது அகப்படும் என்று. ஒரு குறை சொல்ல முடியவில்லை.

பதினொரு மணிக்குப் பை வந்தது. கொட்டிப் பிரித்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், வேர்த்து ஒழுக.

"வந்துகீதா வரதா?"

"இன்னும் இல்லடா. வரும்."