ஒன்பது நாள் கசிவு

அணைச் சுவருக்குள் போகும் சுரங்கப்பாதையின் இரும்புக் கதவைத் திறந்தாலே இப்போது சிமெண்ட் பால் வாடை. பழைய சுவருக்குப் பலம் சேர்க்கத் துளை போட்டு உள்ளே ஏற்றுகிறார்கள். நீ இருந்திருந்தால், "கெழவனுக்கு இப்பத்தான் ஊசி போடறாங்களாக்கு" என்று சிரித்திருப்பாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

நாம் இருவரும் முறை வைத்து இறங்கி, கடைசி மூலையில் கசிவை அளந்தவர்கள். அந்த ஐப்பசி மழையில் நீ லீவில் போனாய். உள்ளே விளக்கு எரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அணை நிறையத் தண்ணீர் நிற்கிறது என்ற நினைப்பே என் காலைக் கட்டிப்போட்டது. மேலேயே உட்கார்ந்து முந்தைய நாள் அளவை எழுதினேன். ஒன்பது நாளும் அதே அளவு.

நீ வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினாய். "ஏப்பா, தண்ணி நம்ம நோட்டப் பாத்துட்டா கசியுது?" டார்ச்சோடு நீயே இறங்கினாய். அதற்குள் நீர்மட்டம் குறைந்துவிட்டது. கசிவு வழக்கம்போலவே இருந்தது. "நான் சொல்லமாட்டேன். நீயே ஆபீசுல சொல்லிப்போடு" என்றாய்.

சொல்லவில்லை. கடைசி நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைத்தான் கேட்டாய். "சொல்லிப்போட்டேன்" என்றேன். நீயும் நம்பினாய்.

போன வாரம், பீளமேட்டிலிருந்து வந்த இஞ்சினியர் பெண் ரிஜிஸ்டரில் அதே பக்கத்தில் விரல் வைத்தாள். "அணை நெறஞ்சப்பக்கூட இந்த மூலையில கசிவு ஏறலீங்க சார். இங்க துளை வேண்டாமுங்க."

அந்த மூலைக்கு நேர் கீழே, ஆற்றோரத்தில் முதல் வீடு உன்னுடையது.

"அந்த ஒம்பது நாளும் நான் கீழ எறங்கவே இல்லீங்க அம்மணி. பயந்துபோட்டேன்."

அவள் பேனாவை என் பக்கம் நீட்டினாள். "இத எழுதிக் குடுங்க சார்" என்றாள். கொடுத்துவிட்டேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

நேற்று அந்த மூலையில் முதல் துளை போட்டார்கள். டிரில்லை உருவியதும் தண்ணீர் எதிர்ச்சுவர் வரை பீய்ச்சி அடித்தது. அடைத்து முடிக்க இன்னும் பல நாள் ஆகுமாம். மழையோ நெருங்கிவிட்டது.

திரும்பும் வழியில் உன் மகள் வாசலில் நின்றாள். "மாமா, அணைக்கு ஒண்ணும் பயமில்லீங்களே?"

உன்னிடம் சொன்னதுபோல அவளிடமும் சொல்லிவிட்டு நடந்திருக்கலாம்.

"பயந்தான் கண்ணு. வேலை முடியற வரைக்கும் அம்மாளக் கூட்டிக்கிட்டுப் பொள்ளாச்சிக்குப் போயிரு."

இன்று காலை உன் வீடு பூட்டியிருந்தது. உன் டார்ச் என் கையில் இருக்கிறது. இரும்புக் கதவைத் திறந்துவிட்டேன். அளந்துவிட்டு வாரேன்.