படகுத்துறையில் தூங்குகிறவன்

மார்ச் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் தம்பி தன் அறையில் சர்வர் என்று அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்து, ஒன்பது பேரைச் சேர்த்துக் கம்ப்யூட்டரில் தீவு விளையாட்டைத் தொடங்கினபோது, "மாப்ளே, இது ஒருநாள் ஊராகும்" என்றேன். சிரித்தான். இன்றைக்கு இருநூற்றுப் பதினான்கு பேர்.

எட்டாவதோடு பள்ளியை விட்டு லிஃப்ட் ரிப்பேருக்குப் போன நான் இப்போது சர்வர் அட்மின். டாக்டர்கள், பைலட்டுகள் எல்லாம் என்னிடம் அனுமதி வாங்கித்தான் வீடு கட்டுகிறார்கள். (பைலட் ஒருவர்தான். அவரும் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.) கெட்ட வார்த்தை பேசினால் ஒருநாள் முழுக்கக் கிணற்றில் போட்டுவிடுவேன். உன் தம்பி கண் மூடிய பிறகும் ஊர் கலையாமல் இருக்கிறதென்றால், என் கைராசிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி. போன வியாழக்கிழமை இடி விழுந்தது. சாதாரண இடி இல்லை. சமையலறைப் பாத்திரமெல்லாம் உருண்டது. சர்வர் படுத்துவிட்டது. கைக்குக் கிடைத்த பேக்கப்பைப் போட்டு எழுப்பினேன். அது உன் தம்பி கடைசியாக எடுத்து வைத்தது. ஊரே ஐந்து மாதம் பின்னால் போய்விட்டது. சுற்றிப் பார்க்கலாம் என்று படகுத்துறைக்குப் போனால், அங்கே அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

உனக்குத்தான் தெரியுமே, ஆள் வெளியே போனாலும் இதில் உருவம் போகாது. விட்ட இடத்தில் படுத்துத் தூங்கும். அறுபது நாள் வராவிட்டால் சர்வர் தானாக அழித்துவிடும். டிசம்பரில் அவன் மறைந்தது அப்படித்தான். இப்போது மறுபடியும் இருக்கிறான். பச்சைச் சட்டை, தலைமாட்டில் லாந்தர்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. சர்வரை நிறுத்தித் திறக்கும்போது மட்டும் திரையில் "தச்சன் திரும்பி வந்தார்" என்று ஒரு வரி ஓடுகிறது. அங்கே அவன் வைத்துக்கொண்ட பெயர் அதுதானே. அந்த நேரம் பார்த்து எனக்குத் தாகம் எடுத்துவிடுகிறது.

உன் மாமா

மார்ச் 17

அன்புள்ள மாமா,

போனில் பேசினால் குரல் உடைந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவன் மல்லாந்து படுத்திருக்கிறானா, ஒருக்களித்தா? கேட்கக் கூடாதுதான்.

ஊர்க்காரர்கள் எனக்கு எழுதுகிறார்கள். ஊரில் சேர்ந்த அந்த நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து வந்து கட்டிய சந்தை, ஒரு தூண்கூட மிச்சமில்லையாம். பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் இந்த மாதக் கடைசிவரை பார்ப்போம் என்கிறார்கள். அவன் கட்டியது ஊர், மாமா. தான் படுத்துக்கொள்வதற்கான இடமல்ல.

புதிய பேக்கப் எதுவுமே தப்பவில்லையா? எரிந்துபோயிற்று என்று நீங்கள் சொன்னால் நம்புகிறேன். அம்மாவிடம் பேசினேன். அந்த வியாழக்கிழமை மொட்டை மாடியில் போர்வையெல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தாளாம். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் பாப்பா

மார்ச் 24

பாப்பா,

நேற்று நர்ஸ் ஊருக்குள் வந்தாள். படகுத்துறைவரை என் பின்னாலேயே திட்டி எழுதிக்கொண்டு வந்தாள். அவனைப் பார்த்ததும் எழுத்து நின்றுவிட்டது. தச்சன் இவர்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எழுதினாள்:

"மாமா, வார்டுல இந்த மாதிரி நிறையப் பேர் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். சொந்தக்காரங்க கையை விட மாட்டாங்க. நாங்கதான் மெதுவா எடுத்துவிடணும்."

எனக்குத் தாகம் எடுத்துவிட்டது.

ஒருக்களித்துத்தான் படுத்திருக்கிறான். முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்குக் கொடுத்து. இங்கே எல்லா உருவமும் அப்படித்தான் தூங்கும். இருந்தாலும் நீ கேட்டாய் என்று சொல்கிறேன்.

அவன் இறந்த வாரமே, அந்த அறுபது நாள் விதியை நிறுத்தி வையுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். நிறுத்திவிட்டேன் என்று பதில் போட்டேன். நிறுத்தவில்லை. எந்தப் பட்டன் என்று தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாமென்றால் வெட்கம், அட்மின் அல்லவா. அப்புறம் மறந்தே போனேன். அறுபத்தோராவது நாள் காலையில் போய்ப் பார்த்தேன். வெறும் பலகை. லாந்தர்கூட இல்லை. நிறுத்தியும் சர்வர் அழித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அன்றைக்கு வேலைக்குப் போய், மூன்றாவது மாடியில் லிஃப்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கேட்டவர்களிடம் வயரிங் பார்த்தேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீ உள்ளே வா. அவனைப் பார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு, யாரும் பக்கத்தில் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வெளியே போனதும், அவன் இல்லாத அந்தப் புதிய பேக்கப்பைப் போட்டுவிடுகிறேன். நர்ஸின் சந்தை ஒரு தூண் குறையாமல் வந்துவிடும். அது எரியவில்லை. அவன் மேசை டிராயரில், அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், ஒரு பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது.

உன் அம்மா போர்வை காயப்போட்டது உண்மைதான். அன்றைக்கு நல்ல வெயில். இடி மட்டும் நான் சோடித்தது, பாப்பா.

மாமா