ஃபேன் போட்ட பிறகுதான் ஹீட்டர்

மார்ச் 3

இன்று டீ நேரத்தில் தம்பி மூக்கில் நூல் கோத்துக் காட்டினான். ஒரு துவாரத்தில் விட்டு மறு துவாரத்தில் இழுத்தான். குரோம் தொட்டிப் புகை மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டை போட்டுவிட்டது. எங்கள் முலாம் பட்டறையில் அந்த ஓட்டை விழுந்தால்தான் ஆள் தேறினான் என்று கணக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். ஃபோர்மேன் அவன் முதுகில் தட்டி, "இப்பதான்டா மாப்ள நீ தொட்டிக்காரன்" என்றார். அந்த ஃபோர்மேன் வேறு யாருமில்லை, நான் கட்டிக்கொண்ட புண்ணியவான். அவர் மூக்கில் ஓட்டை விழுந்து வருஷக்கணக்காகிறது.

டீ கிளாஸை அவர் காலடியில் போட்டு உடைத்தேன். தம்பியும் சேர்ந்துதான் சிரித்தான், மூக்கில் நூல் தொங்க.

மார்ச் 5

பாதுகாப்பு வகுப்பு எடுக்க ஒரு மேடம் வந்தார். "இந்த குரோம் நுரையீரல்ல புற்றுநோய் வரவைக்கிற சாமான். முதல்ல எக்ஸாஸ்ட் ஃபேன், அப்புறம்தான் ஹீட்டர். மாஸ்க், முழங்கை வரைக்கும் கிளவுஸ். தொட்டி பக்கத்துல டீ கூடவே கூடாது. மேல பட்டுட்டா யோசிக்காதீங்க, துணியைக் கிழிச்சுப் போட்டுட்டு தண்ணிக்கு அடியில நிறுத்துங்க."

எங்களிடம் எல்லாம் தலைகீழ். ஃபேன் ஓடினால் தொட்டி சூடேற நேரமாகிறது என்று, சூடேறிய பிறகுதான் ஃபேன். அதுவரை மஞ்சள் புகையை நாங்கள் குடிப்போம். என் வீட்டுக்காரர் கொண்டுவந்த பழக்கம். முதலாளி இதற்காகவே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்.

அவசர ஷவருக்கு அடியில் கூரை உயரத்துக்கு அட்டைப்பெட்டி. மேடம் போனதும் எல்லாவற்றையும் எட்டி உதைத்து வெளியே தள்ளினேன். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. "வேலையப் பாக்காம என்னடி கூத்து?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். கத்தட்டும்.

மார்ச் 6

வீட்டில் தட்டு பறந்தது. எறிந்தது நான்தான்.

மார்ச் 9

தூக்கம் வரவில்லை. எழுதினால் மனசு அடங்குமா?

காலையில் தம்பி மூக்கிலிருந்து ரத்தம், சட்டையெல்லாம். துடைத்துவிட்டு மறுபடி தொட்டிக்கே போனான். நான் போய் ஃபேனைப் போட்டேன். இவர் நிறுத்தினார். போட்டேன். நிறுத்தினார். "என் தம்பி செத்தா நீயா திருப்பிக் குடுப்ப?" என்றேன். எல்லோர் முன்னாலும் கன்னத்தில் ஓங்கி விட்டார் ஒன்று. காதுக்குள் கொய்யென்றது.

"எங்கக்கா மேலயா கை வைக்கிற?" என்று தம்பி, சாமானைத் தொட்டியில் தொங்கவிடும் கொக்கிக் கம்பியோடு பாய்ந்தான். இவர் தோளில் ஓர் அடி. இவர் அவன் கழுத்தைப் பிடித்தார். மாமனும் மச்சானும் தெருநாய் மாதிரி கட்டிப் புரண்டார்கள். தொட்டி விளிம்பில் இவருக்குக் கால் வழுக்கியது... வலது கை முழங்கை வரை உள்ளே போய்விட்டது.

ஐயோ, அந்த அலறல்!

கிளவுஸோடு அவர் தலைமுடியைப் பிடித்து ஷவருக்கு இழுத்தேன். சட்டையைக் கிழித்து எறிந்தேன். வலியில் என்னை உதைத்தார். நான் முதுகில் சாத்தினேன். "நில்லுடா! நில்லு! சாகப் பாக்குறியா?" கட்டிய நாளிலிருந்து அவரை 'டா' போட்டதில்லை. தம்பி அவர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வரும்வரை கழுவினோம். கழுவக் கழுவ மஞ்சளாகவே ஓடியது.

மார்ச் 11

"உடனே கழுவாம விட்டிருந்தா கிட்னி போயிருக்கும், ஆளே போயிருப்பார்" என்றார் டாக்டர். கை மிஞ்சும், ரெண்டு விரல் மடங்காது. தம்பியையும் காட்டினேன். ஓட்டை இனி மூடாதாம். நுரையீரலில் இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷாவருஷம் பார்க்க வேண்டும். இப்போதைக்கு!

தம்பி வார்டுக்குள் வரவில்லை. வராந்தாவிலேயே நின்றான்.

மார்ச் 19

அவருக்குச் சோறு ஊட்டும்போது சொன்னார்: "உன்ன அடிச்சிருக்கக்கூடாது." அடுத்த கவளத்தைக் கொஞ்சம் வேகமாகவே திணித்தேன்.

ஏப்ரல் 20

இன்று வேலைக்கு வந்தார். வந்ததும் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, ஃபேனை நேரே மெயினில் சேர்த்து, அது ஓடாவிட்டால் ஹீட்டர் ஓடாதபடி கம்பியை மாற்ற வைத்தார். முதலாளி குதித்துக்கொண்டு வந்தார். "யாரைக் கேட்டுய்யா மாத்தின? ஆர்டர் நிக்குது. பழையபடி வை!"

இவர் இடது கையில் கொக்கிக் கம்பியை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. முதலாளி சுவரோடு ஒட்டிக்கொண்டார். இவர் ஃபேனைத் தனியாக நிறுத்திவந்த பழைய சுவிட்சை ஒரே போடு, பிளாஸ்டிக் சில்லெல்லாம் தெறித்தது.

"இப்ப நிறுத்துங்க பாப்போம்" என்றார்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். வேலைக்கு உலை வைப்பாரோ என்னவோ, நாளைக்குத் தெரியும். தொட்டி சூடேறும்வரை எல்லோரும் வெளியே வாசலில் உட்கார்ந்தோம். இவர் மட்டும் கம்பியோடு ஃபேன் பக்கத்திலேயே காவல் நின்றார்.

அந்தச் சண்டைக்குப் பிறகு தம்பி அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுந்தான். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மாமா, டீ ஆறுது. வெளிய வாங்க."